சிறுநீரகத்தோடு ஆசையும் சேர்ந்து வருமா?

உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு, உறுப்பைக் கொடுத்தவரின் நினைவுகளும் விருப்பங்களும் வந்து சேருமா என்ற இந்தக் கேள்வி, அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டிலேயே எழுந்தது. என் அத்தானுக்கு, மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞரின் சிறுநீரகம் பொருத்தப்பட்டிருக்கிறது. நான் கண்டதையும் படித்தறிந்ததையும் வைத்துச் சொல்கிறேன்: விருப்பங்கள் மாறுகின்றன, ஆனால் அவை கொடுத்தவரிடமிருந்து வருவதில்லை. நினைவு வரவே வராது.

டயாலிசிஸில் இருந்த காலம் முழுவதும் அத்தானுக்குக் கறி வாடையே ஆகாது. அறுவை முடிந்த மூன்றாம் மாதம் அவரே ஆட்டுக்கறிக் குழம்பு கேட்டபோது, "அந்தப் பிள்ளைக்குக் கறின்னா உசுரா இருந்திருக்கும்லா" என்றாள் எங்கள் ஆச்சி. அந்த இளைஞர் யார், எந்த ஊர், என்ன சாப்பிடுவார் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது; அதற்குள் தெரு முழுவதும் அதை நம்பிவிட்டது.

சிறுநீரகம் பழுதடைந்தவரின் இரத்தத்தில் யூரியா என்னும் கழிவு தேங்கி, அது உமிழ்நீரிலும் கலப்பதால், வாய் எந்நேரமும் இரும்பை நக்கியதுபோல் இருக்கும். இறைச்சியைக் கண்டாலே குமட்டுவது இந்நோயில் வழக்கமாகக் காண்பது. பொட்டாசியத்துக்கு அஞ்சி இளநீரும் வாழைப்பழமும் விலக்கு, தண்ணீரோ அளந்துதான். புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் நாக்கு தெளிகிறது. அதோடு, உடல் புதிய உறுப்பை எதிர்க்காமலிருக்கக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை பசியைக் கிளறுகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, சிலருக்கு முன்கோபத்தையும் தருகிறது. நோய்க்கு முன் ஞாயிறு தவறாமல் கறி எடுத்து வந்தவர் அத்தான் என்பது அக்கா எடுத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு நினைவு வந்தது. அது அவருடைய பழைய ஆசையேதான்.

இதயத்தைப் பற்றிய கதைகள் இன்னும் அதிகம். 1988இல் இதயமும் நுரையீரலும் மாற்றப்பட்ட ஓர் அமெரிக்கப் பெண்மணி, தமக்கு பீரின் மீதும் கோழி வறுவலின் மீதும் புதிதாக ஆசை வந்ததாகச் சொன்னது உலகெங்கும் பரவியது. இதயத்து நரம்பணுக்களில் நினைவு தங்கும் என்பார்கள் சிலர். இதயத்தில் ஏறத்தாழ 40,000 நரம்பணுக்கள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றின் வேலை துடிப்பை ஒழுங்குபடுத்துவது. மாற்றும்போது மூளையோடு இதயத்தை இணைக்கும் நரம்புகள் துண்டிக்கப்படுவதால்தான், மாற்று இதயம் ஓய்விலும் நிமிடத்துக்கு 90க்கு மேல் துடிக்கிறது. 1992இல் வியன்னாவில் இதயம் பெற்ற 47 பேரை விசாரித்தபோது 79 சதவீதத்தினர் தங்கள் குணம் மாறவில்லை என்றனர். கொடுத்தவரின் இதயத்தால் மாறினோம் என்றவர்கள் மூவர் மட்டுமே. 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலோ, பங்கேற்ற 47 பேரில் 89 சதவீதத்தினர் மாறியதாகச் சொன்னார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, இதயம் பெற்றவர்களும் சிறுநீரகம் முதலிய பிற உறுப்புகளைப் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் அப்படிச் சொன்னதுதான். இதயத்து நரம்பில் நினைவு குடியிருந்தால் அது எப்படிப் பொருந்தும்?

உறுப்போடு வருபவையும் உண்டு. வேர்க்கடலை ஒவ்வாமையால் இறந்த ஒருவரின் கல்லீரலைப் பெற்ற பிரான்ஸ் நாட்டவருக்கு அந்த ஒவ்வாமை வந்ததை மருத்துவர்கள் 1997இல் பதிவு செய்திருக்கிறார்கள். அது கல்லீரலோடு வந்த நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், ஒருநாள் மகனைக் கடிந்துகொண்ட அத்தான், "கோபப்பட்டது நானா, அந்தப் பையனா?" என்று கலங்கிப்போய்க் கேட்டார். மாத்திரையின் குணத்தை மருத்துவர் விளக்கி, அளவைக் குறைத்த பிறகுதான் அவருக்கு நிம்மதி பிறந்தது. இப்போது ஆடி அமாவாசைதோறும் பாபநாசத்தில் தம் தகப்பனாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, பெயர் தெரியாத அந்த இளைஞருக்கும் ஒரு கை இறைக்கிறார்.