எஸ்.எம்.டி. ஹாம் ரேடியோ கிட்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

(ஹாம் ரேடியோ: உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக இயக்கும் ரேடியோ. எஸ்.எம்.டி.: நீட்டிய கால் இல்லாமல் போர்டின் மேலேயே சால்டர் செய்யும் பொடிப் பாகம்.)

காட்பாடி மாணவர்: அண்ணா, 0805 பாகங்களைச் சாதாரண சால்டரிங் அயர்னால் வைக்க முடியுமா? சூடான காற்றால் சால்டரை உருக்கும் ஹாட் ஏர் கருவி வாங்கணுமா?

தாராளமாக முடியும் தம்பி. 0805 என்பது பாகத்தின் அளவு: 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம். ஒரு பேடில் (போர்டில் பாகத்தின் முனை உட்காரும் உலோகப் பரப்பு) மட்டும் கொஞ்சம் சால்டர் வையுங்கள். பாகத்தை ட்வீசரில் பிடித்து, அந்தச் சால்டரை உருக்கிக்கொண்டே பக்கவாட்டில் தள்ளி நிறுத்துங்கள். அயர்னை எடுத்த பிறகும் சால்டர் உறையும்வரை ட்வீசரை விடக் கூடாது. நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மறுமுனை. அப்புறம் முதல் முனையில் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஓட உதவும் பசை) தடவி ஒருமுறை தொட்டால் பளபளப்பாகிவிடும். 63/37 சால்டர் (தகரம் 63, ஈயம் 37 பங்கு) நல்லது, 183 டிகிரியில் சட்டென்று உறையும். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள், பாகம் பறந்துவிடும். வேலூர் வெயிலில் அது கஷ்டம், விடியற்காலையில் செய்யுங்கள்.

முக்கியமானது: ரெசிஸ்டரில் 103 என்றிருந்தால் 10 கிலோ ஓம் என்று படித்துவிடலாம். கெப்பாசிட்டரில் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. ஒரு மதிப்பை முழுக்க வைத்து முடித்த பிறகே பாகங்கள் அடைத்து வரும் அடுத்த டேப்பைப் பிரியுங்கள்.

குடியாத்தம் வாசகர்: கெப்பாசிட்டர்கள் எல்லாம் கிண்ணத்தில் கலந்துவிட்டன.

இதற்குத்தான் டேப்பை ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்கிறேன். மீட்டரில் அளந்தால் மதிப்பு தெரியும், வகை தெரியாது. அலைவரிசையை வடிகட்டும் ஃபில்டருக்கும், அதை உண்டாக்கும் ஆசிலேட்டருக்கும் சூட்டில் மதிப்பு நகராத என்பிஓ வகைதான் வேண்டும். எக்ஸ்7ஆர் வகையை மாட்டினால் சூட்டில் மதிப்பு நகரும். அந்த இடங்களுக்குப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

ராணிப்பேட்டை ஆசிரியர்: கால் உள்ள பாகங்களில் கட்டினால்தான் பிள்ளைகளுக்குச் சர்க்யூட் புரியும். இந்தப் பொடிப் பாகங்கள் எடை குறைய மட்டும்தானே?

சார், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. எடையில் போர்டு ஒரு பொருட்டே இல்லை. ஏலகிரிக்குத் தூக்கிப்போகும் பையில் கனப்பது பேட்டரியும் கேபிளும்தான். ஆன்டெனாவுக்குப் போகும் ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டரே 400 கிராமை நெருங்கும். மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சிக்னல் இழப்பு கூடும், 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) பொறுத்துக்கொள்ளலாம். நான் எஸ்.எம்.டி. பக்கம் பேசுவது வேறு காரணத்துக்கு. இன்றைய கிட்டுகள் பலவற்றில் அலைவரிசையை உண்டாக்கும் எஸ்ஐ5351 சிப், கால் நீட்டிய வடிவத்தில் வருவதே இல்லை. நீளமான கால் தன் பங்குக்கு ஒரு காயில்போல நடந்துகொள்ளும், அலைவரிசை ஏற ஏறத் தொல்லை தரும். பிள்ளைகளுக்கு இன்று கிடைக்கும் பாகத்தில்தானே கற்றுத்தர வேண்டும்?

ஆசிரியர் மறுபடியும்: கண் தெரிய வேண்டாமா?

நியாயம் சார். 1206 பாகங்கள் உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள், 3.2 மி.மீ. நீளம். தலையில் மாட்டும் லென்ஸும் உதவும். டொராய்டை (வளையத்தில் கம்பி சுற்றிய காயில்) எப்படியும் கையால்தான் சுற்ற வேண்டும், நீங்கள் சொல்லும் பாடம் அங்கே கிடைக்கும்.

ஆம்பூர் வாசகர்: ஹாட் ஏர் இல்லாமல் முடியுமா?

முதல் பதிலைப் படியுங்கள். கெப்பாசிட்டர் டேப் பற்றிய வரியையும் சேர்த்து.

திருப்பத்தூர் வாசகி: டான்டலம் கெப்பாசிட்டரில் கோடு எந்தப் பக்கம்?

கோடு பிளஸ் அம்மா. உருளை எலக்ட்ரோலிடிக்கில் கோடு மைனஸ். மாற்றி வைத்தால் டான்டலம் தீப்பிடிக்கவும் செய்யும்.

ஆற்காடு வாசகர்: கட்டி முடித்துவிட்டேன். அனுப்பிப் பார்க்கலாமா?

முதலில் ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடு (சக்தியைச் சூடாக்கி விழுங்கும் ரெசிஸ்டர்) மாட்டுங்கள். எதுவும் மாட்டாமல் அனுப்ப அழுத்தினால், சிக்னலைப் பெருக்கி வெளியே அனுப்பும் ஃபைனல் டிரான்சிஸ்டர் போய்விடலாம். ஆன்டெனாவில் அனுப்ப, தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அது இருந்தால் சரி, 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (இரு பக்கமும் கம்பி நீட்டிய ஆன்டெனா) ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 மீட்டர் கம்பி. 30 செ.மீ. கூடுதலாகவே வெட்டுங்கள், எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) பார்த்துப் பார்த்து நறுக்கிக்கொள்ளலாம்.