ரயில் எண்ணிக்கையைக் கூட்டியும் என் ரயிலில் மட்டும் கூட்டம் ஏன் கூடியது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் தடத்தில் புதிய கால அட்டவணை வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு ரயில் கூடுதலாக விட்டிருக்கிறோம் என்கிறார்கள். ஆனால் முன்பு உட்கார்ந்து போன ரயிலில் இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறேன். பத்து நிமிடம் முன்னே பின்னே மாற்றிப் போட்டால் தீர்ந்துவிடாதா? அது என்ன அவ்வளவு கஷ்டமா?"

கால அட்டவணை போடும் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். உங்கள் இரண்டாவது கேள்விக்கு, ஆமாம், கஷ்டம்தான். முதல் கேள்விக்குப் பதிலாக நானே செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கைக்கு வந்த தடத்தில் காலை 7.26, 7.42, 7.58 என்று 16 நிமிட இடைவெளியில் மூன்று உள்ளூர் ரயில்கள். பாதித் தூரம் வரை இரட்டைப் பாதை, அதன் பிறகு ஒற்றைப் பாதை. அந்த வருடம் எதிர்த் திசையில் ஒரு விரைவு ரயிலைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதற்கு வழிவிட 7.42 ரயில் ஐந்தாவது நிலையத்தின் லூப் லைனில், அதாவது ஒதுங்கி நிற்பதற்கான பக்கத் தண்டவாளத்தில், 8 நிமிடம் காத்திருக்க வேண்டும். வழியில் சும்மா நிற்பதற்குக் கிளம்பும்போதே 8 நிமிடம் தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றியது. 7.50 ஆக்கினேன். காகிதத்தில் பயண நேரம் 8 நிமிடம் குறைந்தது. மேலதிகாரி, "பரவாயில்லையே, புதுப் பையன் சுறுசுறுப்பா இருக்கானே" என்று வேறு சொன்னார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தக் காலை வேளையில் முதல் நான்கு நிலையங்களிலும் சேர்த்து நிமிடத்துக்குச் சுமார் 20 பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்பு 7.42-க்கு 320 பேர், 7.58-க்கு 320 பேர். ரயிலில் 360 இருக்கை. எல்லோரும் உட்கார்ந்து போனார்கள். என் மாற்றத்துக்குப் பிறகு 7.26-க்கும் 7.50-க்கும் நடுவே 24 நிமிடம், 7.50-க்கும் 7.58-க்கும் நடுவே 8 நிமிடம். முதல் ரயிலில் 480 பேர், அடுத்ததில் 160 பேர். ஒன்றில் 120 பேர் நிற்க, எட்டு நிமிடம் கழித்து வரும் இன்னொன்றில் 200 இருக்கை காலி. ரயில் அதே, பெட்டி அதே, ஆட்கள் அதே.

அலுவலக அறிக்கையில் இது தெரியாது. இரண்டு ரயிலுக்கும் 640 பேர், சராசரி 320, இருக்கையைவிடக் குறைவு, எல்லாம் நலம் என்று எழுதியிருக்கும். பயணிகளைக் கேட்டால் கதை வேறு. 640 பேரில் 480 பேர், அதாவது நான்கில் மூன்று பேர், நெரிசலான ரயிலில்தான் இருந்தார்கள். ஒவ்வொரு பயணியையும் "உங்கள் ரயிலில் எத்தனை பேர்?" என்று கேட்டுச் சராசரி எடுத்தால் 400 வரும். காலி ரயிலைப் பார்த்தவர் குறைவு, ஏனென்றால் அதில் ஆளே இல்லை! உங்கள் தடத்தில் கூடுதலாக விட்ட ரயில் எந்த இரண்டு ரயில்களுக்கு நடுவே போகிறது என்று பாருங்கள். உங்கள் ரயிலுக்குப் பின்னால் ஐந்தாறு நிமிடத்தில் ஒட்டிக்கொண்டு போகிறதென்றால் உங்களுக்கு அதனால் சல்லிக்காசுப் பிரயோசனம் இல்லை. உங்கள் ரயிலுக்கு முன்னால் இருக்கும் இடைவெளிதான் உங்கள் கூட்டத்தைத் தீர்மானிக்கிறது.

இதோடும் நிற்பதில்லை. கூட்டம் அதிகமானால் ஏறி இறங்க நேரமாகும். 30 விநாடி நிற்க வேண்டிய நிலையத்தில் 50 விநாடி நிற்கும். நான்கு நிலையத்தில் ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் போய்விடும். அந்தத் தாமதத்தில் அடுத்தடுத்த நிலையங்களில் இன்னும் ஆட்கள் சேருவார்கள். அவர்களும் ஏற வேண்டும், இன்னும் தாமதம். பின்னால் வருகிற காலி ரயிலோ நிற்கவே வேலையில்லாமல் நெருங்கி வந்து சிக்னலில் நிற்கும். பேருந்துக்கு வெகுநேரம் காத்திருந்தால் இரண்டு பேருந்து சேர்ந்து வருமே, அதே விவகாரம்தான்.

சரி, தப்பு தெரிந்ததும் மறுநாளே மாற்றியிருக்கலாமே என்பீர்கள். இங்கேதான் உங்கள் "பத்து நிமிடம்" வருகிறது.

கால அட்டவணை என்றதும் எண்கள் அடுக்கிய புத்தகம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது கடைசியில் அச்சாகிற சமாசாரம். நாங்கள் வேலை செய்வது கிராஃபில். குறுக்காக நேரம், நெடுக்காக நிலையங்கள், ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ்–லியோன் தடத்துக்கு வரைந்த இப்படியொரு கிராஃப் இன்றைக்கும் பேர் போனது. கணினி வந்த பிறகும் படம் மாறவில்லை. ஒற்றைப் பாதையில் எதிரெதிர்க் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி லூப் லைன் உள்ள நிலையத்தில்தான் விழ வேண்டும். நடுவழியில் விழுந்தால் இரண்டு ரயிலும் ஒரே தண்டவாளத்தில் என்று அர்த்தம். ஒரு கோட்டை ஐந்து நிமிடம் நகர்த்தினால் வெட்டுப்புள்ளி நகரும். அதைச் சரிசெய்ய எதிர் ரயிலை நகர்த்த வேண்டும். அது இன்னொரு நிலையத்தில் வேறொன்றை இடிக்கும். காலையில் ஒரு கோட்டில் கை வைத்தால் மாலைக்குள் பதினைந்து கோடு கலைந்திருக்கும்.

இரட்டைப் பாதையிலும் நிம்மதி இல்லை. ஒரு பகுதியை உள்ளூர் ரயில் 60 நிமிடத்திலும் விரைவு ரயில் 40 நிமிடத்திலும் கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ரயில் கிளம்பி 20 நிமிடத்துக்கும் மேல் கழித்துத்தான் விரைவு ரயிலை விட முடியும். இல்லையென்றால் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கும், அல்லது உள்ளூர் ரயிலை ஓரங்கட்ட வேண்டும். எல்லா ரயிலும் ஒரே வேகத்தில் போகும் மெட்ரோவில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட முடிகிறது. வேகமும் மெதுவும் கலந்த தடத்தில் முடியாததற்குக் காரணம் இந்த இருபது நிமிடப் பள்ளம்தான். சர்வதேச ரயில்வே சங்கமான யூஐசியின் 406 என்ற வழிகாட்டுதல், கலப்புப் போக்குவரத்துத் தடத்தில் உச்ச நேரத்திலேயே 75 சதவீதத்துக்கு மேல் தடத்தை நிரப்பாதீர்கள் என்கிறது. புறநகர் ரயில் மட்டும் ஓடும் தடத்துக்கு 85 சதவீதம். மிச்சம் விடுவது சோம்பேறித்தனத்தால் இல்லை. ஒரு ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் அது அடுத்தவற்றுக்குத் தொற்றாமல் இருக்க வேண்டுமே, அதற்கு.

தண்டவாளத்தோடும் முடியவில்லை. 7.42-க்குக் கிளம்பும் ரேக், அதாவது பெட்டித் தொடர், முந்தைய பயணத்தை முடித்துவிட்டு வந்து சேர வேண்டும். ஓட்டுநருக்கு வேலை நேரம் உண்டு, ஓய்வு உண்டு, அந்தத் தடம் பழக்கமாகியிருக்க வேண்டும். இதில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் 2018 மே 20 ஒரு பாடம். வடக்கு இங்கிலாந்திலும் லண்டனைச் சுற்றிலும் ஒரே நாளில் ஏராளமான ரயில்களின் நேரம் மாறியது. வடக்கே ஒரு தடத்தை மின்மயமாக்கும் வேலை தள்ளிப்போனதால் அட்டவணையைக் கடைசி நேரத்தில் திருத்தி எழுத வேண்டியிருந்தது. எந்த ஓட்டுநர் எந்தத் தடத்தில் போவார் என்று திட்டமிட அவகாசம் இல்லாமல் போனது, தடம் பழகிய ஓட்டுநர்கள் போதவில்லை. தினமும் நூற்றுக்கணக்கான ரயில்கள் ரத்து. ஓடியவற்றில் கால் வைக்க இடமில்லை. பிறகு அந்நாட்டு ரயில் ஒழுங்குமுறை அமைப்பின் தலைவராக இருந்த ஸ்டீபன் கிளேஸ்டர் தலைமையில் நடந்த விசாரணை, ஒட்டுமொத்தப் பொறுப்பை யாருமே எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னது. என் அனுபவத்தில் அதுதான் இந்தத் துறையின் நிரந்தர வியாதி. தண்டவாளம் ஒருவர் கையில், ரேக் ஒருவர் கையில், ஓட்டுநர் பட்டியல் இன்னொருவர் கையில்.

நல்லபடியாகச் செய்தவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்து 1982-இல் மணிக்கு ஒரு ரயில், ஒவ்வொரு மணியும் அதே நிமிடத்தில் என்ற முறைக்கு வந்தது. 2004 டிசம்பர் 12 அன்று அடுத்த கட்டம். பெர்ன், சூரிக் போன்ற சந்திப்புகளில் எல்லா ரயிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து, மாறி ஏறிக்கொள்ள அவகாசம் கொடுத்துக் கிளம்பும்படி அமைத்தார்கள். அதற்கு பெர்ன்–சூரிக் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்பதால் நடுவே 45 கி.மீ. புதுப் பாதை போட்டார்கள். நாமெல்லாம் பாதையைப் போட்டுவிட்டு அட்டவணை எழுதுவோம். அவர்கள் அட்டவணையை எழுதிவிட்டுப் பாதை போட்டார்கள்.

பெட்டியைக் கூட்டலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். பிளாட்பாரத்தின் நீளம், லூப் லைனின் நீளம், பராமரிப்புக் கொட்டகையின் நீளம், இந்த மூன்றில் எது குட்டையோ அதுதான் உங்கள் ரயிலின் நீளம். ஆனால் இருக்கிற பெட்டிகளே ஒரே மாதிரி நிரம்புவதில்லை. என் தவறுக்குப் பிறகு நானே நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகப் பிளாட்பாரத்தில் நின்று எண்ணினேன். நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடும் பழைய முறை. கடைசிப் பெட்டியின் வாசலில் கைப்பிடி கம்பியில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏழெட்டுக் கைகள். முதல் பெட்டியில் ஒருவர் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு தூங்குகிறார். காரணம், கடைசி நிலையத்தில் நடைமேம்பாலப் படிக்கட்டு பின்பக்கம் இருந்தது. இறங்கியதும் படியைப் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் பின்பெட்டியில் ஏறுகிறார்கள். ஒரு படிக்கட்டு இருக்கும் இடம் அரை ரயிலைக் காலியாக்கிவிடுகிறது!

அப்போது ஒரு பெண்மணி என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கதான் டைம் மாத்தினவங்களா?" என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை, ஆமாம் என்றேன். "அப்ப நாளைக்கு இதுல ஏறி வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஏறினேன். நான்காவது நிலையத்தில் என் செருப்பு ஒன்று கழன்றது, குனிந்து எடுக்க முடியவில்லை.

கூட்டத்தை அளப்பதில் ஜப்பான்காரர்களிடம் ஒரு அழகான வழக்கம் உண்டு. நூறு சதவீதம் என்றால் எல்லோருக்கும் இருக்கையோ, கைப்பிடி வளையமோ, கதவருகே கம்பியோ கிடைக்கும். 150 என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் மடித்துப் படிக்கலாம். 250 என்றால் கையைக்கூட அசைக்க முடியாது. டோக்கியோவின் முக்கியத் தடங்களின் சராசரி 1975-இல் 221 ஆக இருந்தது, 2019-இல் 163. தண்டவாளங்களை இரட்டிப்பாக்கி, ரயில்களை நீட்டி, நாற்பது வருடத்துக்கு மேல் பாடுபட்டுக் குறைத்தது இது. ஆனாலும் இது உச்ச நேரத்து ஒரு மணியின் சராசரிதான். அந்த மணிக்குள் எந்த ரயிலில் செருப்பு கழல்கிறது என்பதை அது சொல்லாது.

பயணிகளை நேரம் மாற்றிப் போகச் சொல்வதும் ஓரளவு பலிக்கும். சிங்கப்பூரில் 2013-இல், காலை 7.45-க்கு முன் நகர மைய நிலையங்களில் இறங்கினால் கட்டணமில்லை என்று அறிவித்தார்கள். நூற்றுக்கு ஏழு பேர் அளவில் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். ஏழு என்றால் சிரிக்கலாம், ஆனால் நெரிசலில் கடைசியாக ஏறும் ஏழு பேர்தான் கதவை மூடவிடாதவர்கள். நேர்மாறாக ஜெர்மனி 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 9 யூரோவுக்கு எல்லா உள்ளூர், வட்டார ரயிலிலும் போகலாம் என்றது. சுமார் 5.2 கோடி டிக்கெட் விற்றது. ரயிலும் பெட்டியும் அதற்கேற்பக் கூடவில்லை, விடுமுறை நாள்களில் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். "பயங்கரக் கூட்டம், நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதும் மனுக்கள் ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். நான் படுக்க வைத்தவையே எத்தனையோ. ஒரு வாரம், ஐந்து நாள், உங்கள் ரயிலின் எண், முந்தைய ரயில் உண்மையில் கிளம்பிய நேரம், உங்களுடையது கிளம்பிய நேரம், உங்கள் பெட்டியில் நின்றவர்கள் எத்தனை பேர், எந்த நிலையம் வரை நின்றார்கள், பின்னால் வந்த ரயிலில் எவ்வளவு காலி, இவற்றைக் குறித்து அனுப்புங்கள். பத்துப் பேர் சேர்ந்து அனுப்பினால் இன்னும் நல்லது. அனுப்பும் காலமும் முக்கியம். ஐரோப்பாவில் டிசம்பரில் மாறும் அட்டவணைக்கு ஏப்ரலிலேயே கோரிக்கைகள் வாங்கிவிடுகிறார்கள். உங்கள் தடத்திலும் புது அட்டவணை வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே கிராஃப் காய்ந்துவிடும். அச்சான பிறகு கத்தினால் அடுத்த வருடம்தான். அதுவரை, நீங்கள் இறங்கும் நிலையத்தில் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு எதிர்ப் பக்கப் பெட்டியில் ஏறுங்கள். இறங்கி இரண்டு நிமிடம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும்.

என் 7.50-ஐப் பழையபடி 7.42 ஆக்க ஒரு வருடம் ஆனது. அதற்குள் அந்த ரேக்கின் முந்தைய பயணத்தையும் எட்டு நிமிடம் தள்ளியிருந்தார்கள், அதையும் கலைக்க வேண்டியிருந்தது. நிறையப் பேர் ஏறுவது முதல் நான்கு நிலையங்களில்தான் என்பதால், 7.42-க்குக் கிளம்பி ஐந்தாவது நிலையத்து லூப்பில் 8 நிமிடம் நிற்கட்டும் என்று விட்டோம். கூட்டம் பழையபடி இரண்டு ரயிலுக்கும் பிரிந்தது, எல்லோருக்கும் இருக்கை கிடைத்தது. மூன்றாம் வாரம் ஒரு புகார்க் கடிதம் வந்தது: "நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரயிலைத் தினமும் எட்டு நிமிடம் நடுவழியில் சும்மா நிறுத்துகிறார்கள். யார் போட்ட அட்டவணை இது?" பதில் எழுதும் வேலையும் என்னிடம்தான் வந்தது.