ஆயில் எங்கே போகிறது?

கேள்வி: எனது டர்போ டீசல் பிக்கப் வண்டி 14 ஆண்டுகள் பழையது. 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் குறைகிறது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. எஞ்சினை இறக்கி ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உடனே வேண்டாம். தரையில் சொட்டாததால் கசிவே இல்லை என்று கொள்ள முடியாது. ஓடும்போது மட்டும் கசியும் ஆயில் காற்றில் சிதறி வண்டியின் அடிப்பாகத்தில் படிந்துவிடும். ஆகவே எஞ்சினைக் கழுவித் துடைத்து, 100 கிலோமீட்டர் ஓட்டியபின் பாருங்கள்.

அடுத்தது புகை. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை வந்து மறைந்தால், வால்வு வழியே ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்கள்மீதே முதல் சந்தேகம் எழ வேண்டும். அவற்றைப் பெரும்பாலும் எஞ்சினை இறக்காமலேயே மாற்றிவிடலாம். பாரத்துடன் மேடேறும்போது இடைவிடாமல் நீலப்புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம், ஆனால் டர்போவின் சீல் பழுதும் அதே புகையைத் தரும் என்பதால், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. லேசான ஈரம் இயல்பானது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைபட்டிருந்தாலும் உள்ளழுத்தம் கூடி ஆயில் அவ்வழியே தள்ளப்படும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். காற்று ஆயில் ஊற்றும் வாய் வழியே சீறி வெளியேறினால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரியே. பெட்ரோல் எஞ்சினில் செய்வதுபோல் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி கம்ப்ரஷன் (அழுத்தம்) பார்க்க மட்டும் அனுமதிக்காதீர்கள். டீசல் எஞ்சினின் எரி அறை மிகச் சிறியது, ஆயிலோ காற்றைப்போல் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடக்கூடும்.