கிரவுன்-பினியன் கணக்கு: பெரிய டயருக்கு எந்த ரேஷியோ?

கேள்வி (ஷார்ஜா): என்னிடம் 2004 ஜீப் ரேங்ளர் டிஜே இருக்கிறது. 4.0 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர் மேனுவல். கம்பெனி டயர் 225/75ஆர்15. 33 அங்குல டயர் மாட்டியதிலிருந்து ஐந்தாவது கியர் பேருக்குத்தான் இருக்கிறது. மணலில் இரண்டாவதிலேயே மூச்சு வாங்குகிறது. இப்போதைய ரேஷியோ 3.07. 4.10 போடுவதா, 4.56 போடுவதா? வார நாட்களில் 120 வேகத்தில் நெடுஞ்சாலை, வார இறுதியில் பாலைவனம்.

பதில்: ரேஷியோ என்பது ஆக்ஸில் நடுவே இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), அதை ஓட்டும் பினியன் (சிறு பல்சக்கரம்) இரண்டின் பல் விகிதம். 225/75ஆர்15 டயரின் விட்டம் 718 மி.மீ., அதாவது 28.3 அங்குலம். பழைய ரேஷியோவைப் புது டயர் அளவால் பெருக்கி, பழைய டயர் அளவால் வகுங்கள்: 3.07 × 33 ÷ 28.3 = 3.58. இவ்வளவு இருந்தால் வண்டி வாங்கியபோது இருந்த இழுவை கணக்களவில் திரும்பிவிடும். கடையில் கிடைப்பவை 3.73, 4.10, 4.56, 4.88. எண் ஏற ஏற இழுவை கூடும், ஆர்பிஎம்மும் கூடும்.

3.58-க்கு அடுத்தது 3.73தானே என்று அதை வாங்கிவிடாதீர்கள். இந்தக் கணக்குக்குத் தெரிந்தது டயரின் விட்டம் மட்டும். டயரின் கூடுதல் எடை, அகலம், வண்டி உயர்ந்ததால் வாங்கும் காற்று எதுவும் இதில் இல்லை. தவிர, 3.07 என்பதே பெட்ரோலை மிச்சம் பிடிக்கக் கம்பெனி போட்ட ரேஷியோ. அதை மீட்டெடுத்து மணலில் என்ன செய்வது?

முடிவு சொல்ல வேண்டியது டாப் கியர் ஆர்பிஎம். வேகம் (கி.மீ.) × ரேஷியோ × கியர் விகிதம் × 209 (அலகுகளை ஒத்துவைக்கும் எண்), அதை டயர் அங்குலத்தால் வகுக்க வேண்டும். உங்கள் ஐந்தாவது கியர் 0.78. 120 கி.மீ. வேகத்தில் கம்பெனி டயரோடு இன்ஜின் ஏறக்குறைய 2,120-ல் ஓடியது. 33 போட்டதும் அது 1,820 ஆக விழுந்துவிட்டது. ஐந்தாவது கியர் செத்துப்போன காரணம் இதுதான். 3.73 போட்டால் 2,210, 4.10-க்கு 2,430, 4.56-க்கு 2,700, 4.88-க்கு 2,890. இந்த இன்ஜினின் உச்ச டார்க் வருவது 3,200-ல். ஆகவே 2,700 அதற்குச் சுமையே இல்லை. வாராவாரம் மணலுக்குப் போகிறவருக்கு என் ஓட்டு 4.56. பாலைவனம் எப்போதாவதுதான் என்றால் 4.10 போதும்.

4.56 போட்டால் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் நிலை) முதல் கியரில் மொத்தக் குறைப்பு 4.01 (முதல் கியர்) × 2.72 (லோ ரேஞ்ச்) × 4.56, அதாவது 49.7. இப்போது இருப்பது 33.5. கிளட்ச் தட்டு உங்களுக்கு நன்றி சொல்லும்.

காசை எடுக்குமுன் பின் ஆக்ஸில் எது என்று குனிந்து பாருங்கள். மூடி முட்டை வடிவத்தில் இருந்து, ஆயில் ஊற்றும் துளையில் ரப்பர் அடைப்பான் இருந்தால் அது டானா 35. திருகும் இரும்பு அடைப்பான் இருந்தால் டானா 44. டானா 35-ல் ஷாஃப்டைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் சி-கிளிப் மட்டும்தான். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் அதோடு வெளியே வந்துவிட வாய்ப்புண்டு. 33-ஐ நிதானமாக ஓட்டினால் தாங்கும். நாளைக்கு 35 போடும் ஆசை இருந்தால் டானா 35-க்குள் பணத்தைக் கொட்டாதீர்கள். முதலில் ஆக்ஸிலை மாற்றுங்கள்.

கேள்வி: கிரவுன்-பினியன் மட்டும் கேட்டால் கடைக்காரர் கேரியரும் (கிரவுனைத் தாங்கும் கூடு) வாங்கச் சொல்கிறார். தள்ளிவிடப் பார்க்கிறாரா?

பதில்: இல்லை, சரியாகத்தான் சொல்கிறார். 4.10 என்றால் பெரும்பாலும் பினியனில் 10 பல், கிரவுனில் 41; 4.56-ல் பினியனுக்கு 9 பல்தான். பினியன் சிறுக்கச் சிறுக்க கிரவுன் அதை நெருங்கி உட்கார வேண்டும். கேரியரின் ஃபிளாஞ்ச் (கிரவுனை போல்ட் போடும் விளிம்பு) உயரம் ஓர் எல்லை வரைதான் ஒத்துவரும். முன் ஆக்ஸிலான டானா 30-ல் 3.54 வரை ஒரு கேரியர், 3.73-லிருந்து வேறு. டானா 35-ல் 3.31 வரை ஒன்று, 3.54-லிருந்து வேறு. டானா 44-ல் 3.73 வரை ஒன்று, 3.92-லிருந்து வேறு. 3.07-லிருந்து கிளம்புகிறவருக்கு இரண்டு ஆக்ஸிலிலும் கேரியர் செலவு நிச்சயம். ஆனால் டானா 44-க்கு, பழைய கேரியரிலேயே உட்காரும்படி தடித்த கிரவுன் விற்கிறார்கள்.

எப்படியும் கேரியரை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், லாக்கர் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைப்பது) யோசனை இருப்பவர்கள் அதை இப்போதே வாங்கிவிடுவது நல்லது. பிறகு போட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி.

கேள்வி: பின்பக்கத்தை இந்த மாதமும் முன்பக்கத்தை அடுத்த மாதமும் மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் அதுவரை ஃபோர்-வீல் லீவரைத் தொடக்கூடாது. 3.07-ம் 4.56-மாக இரண்டு ஆக்ஸிலும் சண்டை போட்டால் நடுவில் மாட்டுவது டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி). 4.10-க்கும் 4.11-க்கும் உள்ள வித்தியாசம் பொருட்டல்ல.

கேள்வி (டல்லாஸ்): 4.56 மாற்றி 600 கி.மீ. ஆகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 80 வேகத்தில் 'ஊ' என்று ஊளைச் சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஓடப் பழகினால் போய்விடும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: போகாது. மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் முதல் சந்தேகம் பினியன் ஆழத்தின் மேல், அதாவது கிரவுனை அது எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதன் மேல். மூடியைத் திறக்கச் சொல்லி, கிரவுனில் மூன்று இடங்களில் நாலைந்து பற்களுக்கு மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட் தடவுங்கள். கிரவுனைத் துணியால் அழுத்திப் பிடித்து, சுமை கொடுத்தபடி இரு பக்கமும் சுற்றுங்கள். தடம் பல்லின் மேல் விளிம்பில் விழுந்தால் பினியன் விலகி நிற்கிறது, ஷிம் (மெல்லிய தகடு) கூட்ட வேண்டும். பல்லின் அடியில் விழுந்தால் நெருங்கிவிட்டது, குறைக்க வேண்டும். ஒரு தடவைக்கு 0.08 முதல் 0.13 மி.மீ. வரை மாற்றிப் பார்ப்பது வழக்கம். தடம் மேலும் கீழும் நடுவில் நின்றால் போதும். படத்தில் உள்ள அழகான முட்டை வடிவம் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

அடுத்தது பேக்லாஷ், பற்களுக்கு இடையே உள்ள தளர்வு. டயல் கேஜ் வைத்து அளந்தால் 0.12 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நாலு இடத்தில் அளங்கள், 0.05-க்கு மேல் ஏறி இறங்கினால் கிரவுன் நேராக உட்காரவில்லை, போல்ட் இறுக்கும்போது அடியில் தூசியோ பிசிறோ சிக்கியிருக்கும். புது பேரிங்குக்குப் பினியன் பிரீலோடு (பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்) 15 முதல் 35 இன்ச்-பவுண்ட். கிரஷ் ஸ்லீவை (நசுங்கி அந்த இறுக்கத்தைத் தீர்மானிக்கும் குழல்) ஒரு நூல் அதிகமாக நசுக்கிவிட்டு நட்டைப் பின்னால் தளர்த்திச் சரிக்கட்டும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அப்படிச் செய்தால் பிரீலோடு நிற்காது, பேரிங் போய்விடும். புது ஸ்லீவ், புது நட் போட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

கிரவுன் பற்கள் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் பதம் இழந்துவிட்டன என்று அர்த்தம். செட்டிங்கைத் திருத்தினாலும் பயனில்லை, புது செட் வாங்குங்கள். அதை மாட்டியதும் முதல் 25, 30 கி.மீ. மெதுவாக ஓட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். 800 கி.மீ. வரை டிரெய்லர் இழுக்க வேண்டாம். அந்த 800-ல் ஆயிலை மாற்றும்போது மெல்லிய இரும்புத்தூள் வருவது இயல்பு. செதில் வந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள்.

கேள்வி: ரேஷியோ மாற்றினால் ஸ்பீடோமீட்டர் என்ன ஆகும்?

பதில்: டிஜே வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரு சிறு பிளாஸ்டிக் கியர் இருக்கிறது. அதன் பல்லைத்தான் மாற்ற வேண்டும். 3.07, 28.3 அங்குலத்திலிருந்து 4.10, 33-க்குப் போனால் 1.145 மடங்கு, பழையது 28 பல் என்றால் புதியது 32. கியரைத் தாங்கும் உறையில் பல் எண்ணிக்கை வரம்புகள் பொறித்திருக்கும். 28 பல் ஒரு வரம்பில் வரும், 32 பல் அடுத்த வரம்பில். உறையைச் சுழற்றி, புது வரம்பு கீழே வரும்படி வைத்து மாட்டாவிட்டால் பற்கள் சரியாகக் கடிக்காமல் மழுங்கிவிடும்.

கேள்வி (கோவை): மேனுவல் ஜிம்னிக்கு 215/75ஆர்15 போட்டேன். ரேஷியோ மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். கம்பெனியின் 195/80ஆர்15 விட்டம் 693 மி.மீ., உங்களுடையது 703. வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். ஐந்தாவது கியர் 1.000, ஃபைனல் டிரைவ் (அதே கிரவுன்-பினியன் ரேஷியோ) 4.09 என்பதால் 100-ல் வண்டி 3,100 ஆர்பிஎம்மை ஒட்டியே ஓடுகிறது. 235/75ஆர்15 போட்டால்கூட 2,960-க்குத்தான் இறங்கும். அந்த அளவுக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டியது, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் எங்கே உரசுகிறது என்பதை.