மலையை எடுக்கலாம், விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் 19 வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். இனி செக்ரோல் (நாட்சம்பளப் பெயர்ப்பதிவு) இல்லை, ஆளுக்கொரு துண்டு மலை (தேயிலை நிலம்) பிரித்துத் தருவோம், கொழுந்தைக் கிலோ கணக்கில் கொடுங்கள் என்கிறார்கள். ஆங்கிலக் கடிதமொன்றில் கையெழுத்துக் கேட்கிறார்கள். "இனி பிரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு) போய் ஏச்சு வாங்கத் தேவையில்லையே, போடுங்கம்மா" என்கிறான் மகன். போடலாமா?

பதில்: போடாதீர்கள், சகோதரி. மலையை ஏற்பது வேறு, வேலையை விட்டு விலகுவது வேறு. நீங்கள் போனில் அனுப்பிய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் மூன்று பந்தியும் மலையைப் பற்றியவை. கடைசியில் ஒரே ஒரு வரி: "என் சுயவிருப்பத்தில் வேலையிலிருந்து விலகுகிறேன்." உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அந்த வரியை வைத்திருப்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

அந்த வரிக்கு விலை இருக்கிறது. இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமோ ஓய்வோ இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், முன்கூட்டியே அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அங்கே போனால் விசாரணை நடக்கும், நட்டஈடு பேச வேண்டிவரும். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தச் சிரமம் அவர்களுக்கு இல்லை.

விலகினாலும் 19 வருடப் பணிக்கொடை உங்களுடையதுதான். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 2024இல் குறித்த 1,350 ரூபாய்ப்படி பார்த்தாலே 3,59,100 ரூபாய் வருகிறது. 30 நாளுக்குள் தர வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு அது வளராது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் போடும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் போடும் 3 வீதமும் நின்றுவிடும். வெயில் காலத்தில் கொழுந்து குறைந்தால் அந்த நட்டமும் உங்கள் தலையில்தான்.

மகன் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஏச்சில்லாமல், தன் நேரத்தைத் தானே வைத்துக்கொண்டு வேலை செய்ய இளசுகள் நினைப்பது நியாயமானது. அதற்காக உங்கள் 19 வருடத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? "செக்ரோலில் பேர் இருக்கட்டும், மலையையும் எடுக்கிறேன், கடிதத்தைத் தமிழில் தாருங்கள்" என்று தோட்டத் தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கையெழுத்துப் போடாததற்காகச் செக்ரோலில் பேர் போட மறுத்தால், சம்பளச் சிட்டைகளோடு உடனே ஹட்டன் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். வேலையை நிறுத்தியே விட்டால், தொழில் நியாய சபையில் மனுப் போட அன்றிலிருந்து 6 மாதம்தான் இருக்கிறது. பழைய சிட்டைகளை இன்றே தேடி, ஒரு பையில் போட்டு வையுங்கள்.