குளிர்காலையில் குழுவாகப் பறவை பார்க்க எங்கே நிற்பது?

கேள்வி: மார்ச் முதல் வாரத்தில் கோவையிலிருந்து 14 பேர் கோத்தகிரி லாங்வுட் சோலைக்குச் செல்கிறோம். சென்ற ஆண்டு இருட்டோடு போய்க் குளிரில் நடுங்கியதுதான் மிச்சம். குரல்கள் கேட்டனவே தவிர, பறவைகள் கண்ணில் படவில்லை. பைனாகுலரிலும் ஆவி படர்ந்தது. இம்முறை என்ன செய்யலாம்?

பதில்: காலத்தை நன்றாகவே தேர்ந்திருக்கிறீர்கள். குளிர்காலத்தைக் கழிக்க வந்த காஷ்மீர் ஈபிடிப்பான் இன்னும் வடக்கே கிளம்பியிராது. நீலகிரிச் சிரிப்பான் போன்ற உள்ளூர்ப் பறவைகளோ பாடத் தொடங்கியிருக்கும்.

விடிந்ததும் சோலைக்குள் நுழைந்ததுதான் சென்ற ஆண்டு நேர்ந்த பிழை என்று கருதுகிறேன். அங்கு மார்ச் தொடக்கத்தில் சூரியன் உதிக்க ஏறத்தாழ 6.35 ஆகிவிடும்; குளிரில் மரத்துக் கிடக்கும் பூச்சிகள் வெயில் பட்ட பிறகே பறக்கத் தொடங்குவதால், அவற்றைத் தின்னும் ஈபிடிப்பான்களும் கதிர்க்குருவிகளும் முதல் வெயில் விழும் கிழக்கு விளிம்பைத் தேடி வருகின்றன. ஆகவே அந்த விளிம்பில், வெயிலுக்கு முதுகு காட்டியபடி, அரைமணி நேரமாவது அசையாமல் நில்லுங்கள். அதன் பிறகு உள்ளே செல்லலாம். கறுப்பும் ஆரஞ்சும் கலந்த சிறிய ஈபிடிப்பான் நிழலான புதர்களில், தரையை ஒட்டித்தான் இருக்கும்.

ஒற்றையடிப் பாதைக்கு 14 பேர் அதிகம். ஏழேழு பேராகப் பிரிந்து, இடைவெளி விட்டுச் செல்லுங்கள். "அதோ, அங்கே!" என்று கை நீட்டினால் பறவை பறந்துவிடும். மரத்தைக் கடிகார முகமாகக் கொண்டு, உச்சியைப் பன்னிரண்டாக வைத்து, "காய்ந்த மரம், இரண்டு மணி, உள்கிளை" என்று மெல்லச் சொன்னால் எல்லோரும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள்.

மூக்கு வரை மஃப்ளர் சுற்றியிருந்தால் மூச்சுக்காற்று மேலெழுந்து, பைனாகுலரின் குளிர்ந்த கண்வில்லையில் படிந்து ஆவியாகத் தெரியும். மஃப்ளரைத் தாடைக்குக் கீழே இறக்கினால் போதும். பைனாகுலரை வாடகைக்கு எடுப்பதானால் 10x42 வேண்டாம், 8x42 கேளுங்கள் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; அடுத்தது முன்வில்லையின் விட்டம், மி.மீ. கணக்கில்). கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் முன்னதில் 4.2 மி.மீ., பின்னதில் 5.25 மி.மீ.; சோலையின் மங்கலில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பெருக்கம் குறைவதால் கை நடுக்கமும் குறைவாகவே தெரியும்.

வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். வழியில் காட்டெருமை நின்றால் ஓசையின்றித் திரும்பிவிடுங்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். இணை சேரும் பருவத்தில், எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி, இரை தேட வேண்டிய நேரத்தில் அந்தப் பறவை உங்களைச் சுற்றி அலைந்து களைத்துப்போகும்.