டெக்கு கடைக்காரர் பதில்கள்

போன இதழில் டிக் கேவெட் ஷோ டிவிடி பற்றி நாலே வரி எழுதினேன். அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சியில் 1970-களின் முதல் பாதியில் ராத்திரி நேரத்தில் ஓடிய பேட்டி நிகழ்ச்சி அது. பழைய ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்துபோன நாட்களை மட்டும் பொறுக்கியெடுத்து, நாலு தட்டு கொண்ட பெட்டியாக 2006-ல் வெளியிட்டார்கள். அதில் ஒரு பெட்டி கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னதுதான் தாமதம், தபால் குவிந்துவிட்டது. ஆகவே மிக்ஸி ரிப்பேர், கேபிள் சண்டைக் கேள்விகள் எல்லாம் அடுத்த வாரம். இந்த வாரம் முழுக்க இதுதான்.

கே: கேத்தரின் ஹெப்பர்ன் பேட்டி என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்களே! அப்படி என்னதான் இருக்கிறது அதில்? கல்லூரி நாளிலிருந்து அவர் ரசிகை நான்.
— ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, திருவாரூர்

ப: அம்மா, அந்தப் பேட்டி தொடங்குவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அதுதான் விசேஷம்.

1973. அந்த அம்மாள் அதுவரை இந்த மாதிரி டிவி பேட்டிகளுக்குப் பிடிகொடுத்தவரே இல்லை. அப்போதே மூன்று ஆஸ்கர் வாங்கியிருந்தார். நாலாவது பிறகு வந்தது. ஒன்றையாவது மேடையேறித் தன் கையால் வாங்கிக்கொள்ளப் போனதில்லை. அப்படிப்பட்டவர், "பேட்டிக்கு வருவதா வேண்டாமா என்று பிறகு சொல்கிறேன், முதலில் இடத்தைப் பார்க்கிறேன்" என்று ஸ்டுடியோவுக்கு வருகிறார். பார்வையாளர் கிடையாது, வேலை செய்கிற ஆட்கள்தான் நிற்கிறார்கள். கேமராவை ஓட விட்டிருக்கிறார்கள். வந்தவர் மேஜை நாற்காலியை எல்லாம் குறை சொல்லி, இதை நகர்த்து, அதை மாற்று என்று வீடு மாறிப் போகிற மாமி மாதிரி ஆட்களை விரட்டுகிறார். கடைசியில், வந்ததுதான் வந்தோம், இப்போதே பேசிவிடலாமே என்கிறார். பேசினார். அப்படியே எடுத்ததை இரண்டு ராத்திரியாகப் போட்டார்கள்.

சட்டை, பேண்ட், காலைத் தூக்கி மேஜைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நிகழ்ச்சியை நடத்தும் கேவெட் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். இது எவ்வளவு பெரிய வித்தை என்பது நம்மூர் பேட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். நம் ஆள் கேள்வியிலேயே பாதி நேரம் புகழ்ந்து, பதிலையும் தானே சொல்லி, "அப்படித்தானே சார்?" என்று முடித்துவிடுவார். சார் தலையாட்டுவார். கைதட்டல், விளம்பரம்.

பெட்டிக்குச் சொந்தக்காரர் எதிர்வீட்டு வங்கிக்காரர், ஓய்வுபெற்றவர். மகள் நியூஜெர்சியில். ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டு ரேழியில் போடுவார். இங்கிலீஷே தெரியாதவர்களும் வருகிறார்கள். ஹாலிவுட் ஆட்டக்காரர் ஃப்ரெட் அஸ்டைர் வந்த தட்டைப் போட்ட அன்றைக்கு எங்கள் தெருவில் இருக்கும் தவில்காரர் ஒருவர் வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் பாடிக்கொண்டே கொஞ்சம் ஆடிக் காட்டுகிறார். தவில்காரர் முகத்தைப் பார்க்கவேயில்லை, காலையே பார்த்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். "தாளச் சொல்லு அத்தனையும் கால்ல விழுதுய்யா" என்றார். மறுபடி போடச் சொல்லிக் கேட்டவரும் அவர்தான்.

கே: எங்கள் ஊர்க்காரர் எம்.கே. தியாகராஜ பாகவதர். அவர் பேட்டி ஏதாவது இப்படி டிவிடியில் கிடைக்குமா?
— நகைப்பட்டறை வைத்திருப்பவர், மயிலாடுதுறை

ப: டிவி பேட்டி கிடைக்க வழியே இல்லை ஐயா. இந்தியாவில் தொலைக்காட்சி முதன்முதலில் டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது 1959 செப்டம்பர் 15. பாகவதர் காலமானது அதே ஆண்டு நவம்பர் 1. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்ததே 1975 ஆகஸ்ட் 15-ல். என்.எஸ். கிருஷ்ணன் 1957-லேயே போய்விட்டார். சந்திரபாபுவும் எஸ்.வி. ரங்காராவும் 1974-ல் போனார்கள்; இன்னும் ஒன்றரை வருஷம் இருந்திருந்தால் சென்னை நிலையத்தின் வாசல்படியையாவது மிதித்திருப்பார்கள். சந்திரபாபுவை உட்கார வைத்து, நடுவில் குறுக்கிடாமல் ஒரு மணி நேரம் பேச விட்டிருந்தால்! இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கே: மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிவிடி எங்கள் பிளேயரில் பாட மறுக்கிறது. 'ரீஜன்' என்று ஏதோ எழுத்து வருகிறது. ஏன்?
— பாலிடெக்னிக் மாணவர், மன்னார்குடி

ப: தம்பி, உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து டிவிடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கா 1, இந்தியா 5. கம்பெனி பிளேயர்கள் இந்தப் பூட்டை மதிக்கும். பெயர் தெரியாத சைனா பிளேயர்கள் எதைப் போட்டாலும் பாடும். வங்கிக்காரர் வீட்டில் ஓடுவது அந்த ரகம்தான். கம்ப்யூட்டரில் போட்டால் வட்டாரத்தை மாற்றவா என்று கேட்கும். அவசரப்பட்டு 'சரி' அழுத்தாதே. ஐந்து முறைதான் மாற்றலாம், கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் அது வேறு சங்கதி. அவர்களுடையது என்.டி.எஸ்.சி. முறை, 525 கோடு. நம்முடையது பால் (PAL) முறை, 625 கோடு. பழைய பெட்டி டிவி சிலவற்றுக்கு அந்த ஊர்க் கலர் பிடிபடாது. தட்டின்மேல் சந்தேகப்பட வேண்டாம்.

கே: எதற்கெடுத்தாலும் ஹாலிவுட்காரனுக்குத்தான் பெட்டி போடுகிறான். எங்கள் நடிகர் திலகத்துக்கு எங்கே ஐயா டிவிடி? இதைக் கேட்க ஒரு ஆள் இல்லையா?
— பழைய ரசிகர் மன்றத்துக்காரர், சூரக்கோட்டை

ப: சூரக்கோட்டையிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். நியாயமான கோபம். ஆனால் அமெரிக்காக்காரன் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்து டிவி நிலையங்களில் ஓடியது இரண்டு அங்குல அகல டேப். ஒரு சுருளே பெரிய விலை. நம் வீட்டுக் கேசட் மாதிரி அழித்து அழித்துப் பதியலாம். கணக்குப்பிள்ளை என்ன சொல்வார்? நேற்று ஓடி முடிந்த பேட்டியை யார் திரும்பப் பார்க்கப் போகிறார்கள், அழித்துவிட்டு இன்றைக்குப் பதி என்பார். ஜானி கார்சன் 1962-ல் தொடங்கி நியூயார்க்கிலிருந்து நடத்திய ராத்திரி நிகழ்ச்சியின் முதல் பத்து வருஷத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போனது. பிபிசியும் அழித்திருக்கிறது. எத்தனை நடிகர், எத்தனை பேச்சு!

கேவெட் நிகழ்ச்சி தப்பியதற்குக் காரணம், உரிமை அவருடைய சொந்தத் தயாரிப்பு நிறுவனத்திடம் இருந்தது. டேப் தன் சொத்து என்றால் அதை அழிக்க யாருக்கும் மனசு வராது. முப்பது வருஷம் கழித்து வெளியிட ஒருவர் வந்தபோது எடுத்துக் கொடுக்க அவரிடம் சரக்கு இருந்தது.

இப்போது நம் கதைக்கு வருவோம். சென்னை நிலையம் தொடங்கியது 1975, சிவாஜி மறைந்தது 2001 ஜூலை 21. கால் நூற்றாண்டு. நடுவில் 1995-ல் செவாலியே, பிறகு தாதாசாகேப் பால்கே விருது. ஒவ்வொரு முறையும் மைக்கை நீட்டியிருக்கிறார்கள். அவரும் பேசியிருக்கிறார். பம்பாயில் தபஸ்ஸும் என்ற அம்மாள் 1972 முதல் இருபத்தோரு வருஷம் இந்தி நட்சத்திரங்களை உட்கார வைத்துத் தூர்தர்ஷனில் பேட்டி எடுத்தார். நட்சத்திரப் பேட்டி நம் நாட்டுக்குப் புதிது இல்லை. தூர்தர்ஷன் தன் காப்பகத்திலிருந்து இசை, நாட்டிய டிவிடிகள் போட்டிருக்கிறது; அதை நடத்தும் பிரசார் பாரதி யூடியூபிலும் பழையதைத் துண்டு துண்டாக ஏற்றுகிறது. நடிகர் திலகத்தின் பேட்டிகள் என்று முழுசாக, வெட்டாமல், தேதி போட்டு ஒரு பெட்டி என் கண்ணில் பட்டதில்லை.

கோபத்தை எங்கே காட்டலாம் என்றும் சொல்கிறேன். மன்றத்துக்காரர்கள் பிறந்தநாளுக்கு அடிக்கும் போஸ்டர் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, எந்தத் தேதியில் எந்த நிலையத்தில் என்ன பேட்டி வந்தது என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். உங்களுக்குத்தான் நினைவு இருக்கும். தேதியோடு கேட்டால் எந்த அலுவலகத்திலும் "தேடிப் பார்க்கிறோம்" என்றாவது சொல்லியாக வேண்டும். "சிவாஜி பேட்டி இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால் இல்லை என்று சொல்வது சுலபம்.

கே: எங்கள் ஊரில் அந்நாளில் சென்னையைவிட இலங்கை டிவியான ரூபவாஹினிதான் தெளிவாகத் தெரியும். அப்பா உயரமாக ஆன்டெனா கட்டியிருந்தார். தமிழ் நடிகர்கள் பேசியதை எல்லாம் வீடியோ டெக்கில் பதிந்து வைத்தார். இப்போது பரணில் ஒரு மூட்டை கேசட். சிலவற்றில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தூக்கிப் போடலாமா?
— உப்பளத் தொழில் செய்பவர், வேதாரண்யம்

ப: தூக்கிப் போட்டீர்கள் என்றால் நான் பஸ் ஏறி வந்துவிடுவேன்!

இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது 1982. கோடியக்கரை, நாகப்பட்டினம் பக்கத்துக் கூரைகள் மேல் மூங்கிலும் இரும்புக் குழாயுமாக ஆன்டெனாக்கள் கடலைப் பார்த்து நின்ற காலம் அது. நிலையத்திலேயே அழிந்துபோன ஒரு பேட்டி உங்கள் பரணில் உயிரோடு இருக்கலாம்.

வெள்ளை படிந்தது பூஞ்சை. நம் டெல்டா ஈரத்துக்கும் கடல் காற்றுக்கும் அது வராமல் இருந்தால்தான் அதிசயம். அந்தக் கேசட்டை அப்படியே டெக்கில் சொருகாதீர்கள். பூஞ்சை டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும், டேப்பும் அறுந்து போகலாம். பூஞ்சை பிடித்ததையும் பிடிக்காததையும் முதலில் தனித்தனியாகப் பிரியுங்கள். நல்ல கேசட்டுகளின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், உடைத்துவிடுங்கள். அப்புறம் யாரும் தவறிப்போய் அதன்மேல் சீரியலைப் பதிய முடியாது. முழுக்க ரீவைண்ட் செய்து, புத்தகம் மாதிரி நிற்க வைத்து, தரையையும் கூரையையும் ஒட்டாமல் உலர்ந்த அலமாரியில் வையுங்கள். பூஞ்சை பிடித்ததைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். கல்யாண வீடியோ எடுத்த பழைய ஸ்டுடியோக்காரர்களில் விசாரித்தால் ஒருவராவது அகப்படுவார்.

மாற்றும்போது டிவிடியில் மட்டும் எழுதி வாங்கி நின்றுவிடக் கூடாது. கடையில் விற்கும் படத் தட்டு அச்சில் அழுத்தி எடுப்பது. நாம் கம்ப்யூட்டரில் எழுதுவது சாயப் பூச்சு. வெயிலிலும் சூட்டிலும் அது மங்கும். ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, வேறு ஒருவர் வீட்டில் இன்னொரு பிரதி வைத்துவிடுங்கள். அப்பா உறையில் எழுதிய தேதியையும் ஒரு வரி விடாமல் எழுதி வையுங்கள்.

கே: இதெல்லாம் யூடியூபில் இலவசமாகவே இருக்கிறதே தாத்தா?
— பொறியியல் மாணவி, தஞ்சாவூர்

ப: இருக்கிறது, அம்மா. ஐந்து நிமிஷத் துண்டாக, ஒருவர் கண் கலங்குகிற இடம் மட்டும். இன்று இருப்பது நாளைக்கு எடுக்கப்பட்டும் விடும். இந்தப் பெட்டியில் நிகழ்ச்சி முழுசாக ஓடுகிறது. 1972-ல் வந்த திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் எப்படி நிறுத்தி நிறுத்தி, முகத்தில் ஒரு ரேகை அசையாமல் வேடிக்கை பேசுகிறார் என்று பார். அந்த நிறுத்தத்தைத்தான் துண்டு போடுகிறவர்கள் முதலில் வெட்டுவார்கள்.

கே: நடிகர் மார்லன் பிராண்டோ வந்த நாளில் அடிதடி நடந்ததாமே, அதுவும் டிவிடியில் உண்டா?
— சலூன் கடைக்காரர், நீடாமங்கலம்

ப: அடிதடி நடந்தது நிகழ்ச்சி முடிந்து வெளியே போன பிறகு. 1973 ஜூன். அந்த மார்ச்சில்தான் ஆஸ்கரை வேண்டாம் என்று மறுத்திருந்தார். நிகழ்ச்சிக்கு அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களையும் அழைத்து வந்து, சினிமாவை விட்டுவிட்டு அவர்கள் பிரச்சினையையே பேசினார். கேவெட் பாவம், படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பிடுங்கப் படாத பாடு படுகிறார். அது முழுசாக உண்டு. அன்று ராத்திரி கேவெட்டோடு சாப்பிடப் போகும்போது பின்தொடர்ந்த புகைப்படக்காரர் ரான் கலெல்லாவை விட்டார் ஒரு குத்து, தாடை உடைந்தது. அதைப் படம் பிடிக்க வேண்டியவரே அடி வாங்கியவர் என்பதால் டிவிடியில் எதிர்பார்க்காதீர்கள்.

கே: பழைய பேட்டி எதைப் போட்டாலும் எங்கள் டிவியில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்களே?
— குடும்பத்தலைவி, திருவையாறு

ப: அந்தக் காலத்துப் படம் நாலுக்கு மூன்று அளவு. உங்கள் டிவி அகலம், அதனால் இழுத்து நிரப்புகிறது. ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். வீட்டில் யாராவது திரும்ப 'முழுத் திரை' ஆக்கினால் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

கே: ஒரே ஒரு வாரத்துக்கு அந்தப் பெட்டியைக் கடனாக வாங்கித் தர முடியுமா? பத்திரமாகத் திருப்பித் தருவேன்.
— ஜவுளிக்கடைக்காரர், பாபநாசம்

ப: டெக்கு, கலர் டிவி, நாலு படம் என்று விசேஷ வீடுகளுக்கு நான் வாடகைக்கு அனுப்பிய காலத்தில் "ஒரே ஒரு வாரம்" என்று பாபநாசத்துக்குப் போன கேசட்டுகள் சில உண்டு. முதலில் அவை கும்பகோணம் திரும்பட்டும், பிறகு வங்கிக்காரரிடம் பேசுகிறேன்.